தட்டி வீட்டின் விலை

கோலார் தங்கவயல், மாரிக்குப்பம்
1899, மார்ச் 12, ஞாயிறு

அன்புள்ள பாக்கியவதிக்கு ஏனோக் எழுதுவது.

நான் சுகம். நீயும் ஃப்ளோராவும் சின்னவன் டேவிடும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று ஆராதனையில் கேட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தை நீ இரண்டு முறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நான் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது என்னை மரவேலைக் கும்பலில் போட்டிருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் பாறை சரிந்து விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. நாளைக்குப் பன்னிரண்டு அணா. இனி நீங்கள் மூவரும் அங்கே, நான் இங்கே ஒரே குடிசையில் ஒன்பது ஆண்களோடு என்று இருக்க வேண்டியதில்லை. போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது டேவிட் என்னைப் பார்த்து உன் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. வருஷத்தில் ஆறு நாள் வருகிற ஆளை எந்தப் பிள்ளைக்கு அடையாளம் தெரியும்?

எங்கள் லைனில், அதாவது கூலிக்காரர் குடியிருப்பு வரிசையில், ஒரு தட்டி வீடு விலைக்கு வருகிறது. மூங்கில் தட்டி, மேலே மண் பூசியது, கூரை தகரம். பத்தடிக்குப் பத்தடி, பின்னால் சமைக்க ஒரு சாய்ப்பு. நூற்றுப் பத்து ரூபாய் சொல்கிறார்கள். அதிகம் என்று உனக்குத் தோன்றும். வேலைக்கு ஆட்கள் ரயில் ரயிலாக வந்துகொண்டே இருக்கிறார்கள், தங்க இடம்தான் இல்லை. இதே வீடு போன வருஷம் எழுபதுக்குக் கைமாறியது. அடுத்த வருஷம் நூற்று ஐம்பது சொல்வார்கள்.

குடியாத்தத்து வீட்டை விற்றால்தான் இது நடக்கும். அது உன் அப்பா உன் பேருக்கு எழுதிவைத்த வீடு. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டியவள் நீ. அதனால் கட்டளையாக எழுதவில்லை, கேட்கிறேன். தோல் மண்டிக் கணக்கர் எட்மண்ட் முன்பு ஒருமுறை விசாரித்தாரே, அவரிடம் பேசிப் பார்.

ஏனோக்

*

குடியாத்தம், மிஷன் தெரு
1899, மார்ச் 26

ஃப்ளோராவின் நைனாவுக்கு ஸ்தோத்திரம்.

இரண்டு முறை படிக்கச் சொன்னீர்கள். மூன்று முறை படித்தேன். தட்டி, தகரம், சாய்ப்பு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தரை யாருடையது என்று மட்டும் எழுதவில்லை.

எட்மண்ட் அண்ணன் வந்து பார்த்தார். கிணற்றில் கல் போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில், "மழ பேஞ்ச வருசமா இருந்தா நூத்தி எழுவதுக்குப் போவும்மா. இப்ப யாரு கையில இன்னா கீது? நூத்திப் பதினஞ்சு தரேன்" என்றார். இரண்டு வருஷமாக வானம் பொய்த்ததற்கு என் அப்பா கட்டிய வீடு என்ன செய்யும்? இரண்டு அறை, ஓட்டுக் கூரை, கிணறு, முருங்கை நிற்கிற கொல்லை. இவ்வளவும் இங்கே நூற்றுப் பதினைந்து. அங்கே பத்தடி மூங்கில் தட்டி நூற்றுப் பத்து. எனக்கு இது பிடிபடவில்லை.

அடுத்த தெரு பாப்பம்மா தை மாதம் தங்கவயலிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அவள் புருஷன் பாறை விழுந்து செத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினைந்தாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். "தட்டி நம்மது, நெலம் கம்பெனிது. ஆம்பளைக்கு நம்பர் இருக்கிற மட்டும்தான் வூடு" என்றாள். தட்டியைப் பிரித்து விறகு விலைக்குப் போட்டதில் நாலு ரூபாய் கிடைத்ததாம்.

இது உண்மையா என்று எழுதுங்கள். எனக்கும் உங்களோடு இருக்கத்தான் ஆசை. அதை எழுதாமல் விட்டால் வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று நினைப்பீர்கள்.

பாக்கியவதி

*

மாரிக்குப்பம்
1899, ஏப்ரல் 9

பாக்கியவதிக்கு,

உண்மைதான். இங்கே யாருக்கும் தரை சொந்தமில்லை. எங்களை வேலைக்கு வைக்கிற மேஸ்திரி ராஜப்பாவுக்கே சொந்தமில்லை. சுரங்கத்தில் பேர் இருக்கிறவரை குடியிருக்கலாம். பேர் போனால் வீடும் போகும். நான் இதை மறைக்க நினைக்கவில்லை. எழுதினால் நீ அங்கேயே உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும். அப்படியே ஆயிற்று.

காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதுகிறது. ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் எண்ணும்போது நிற்காதவனுக்கு அன்று வேலை இல்லை. மூன்று நாள் அப்படிப் போனால் மேஸ்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதனால் எல்லோரும் சுரங்கத்தில் இறங்குகிற ஷாஃப்ட் பக்கத்திலேயே அடைந்து கிடக்கிறோம். மூங்கில் தட்டிக்கு அந்த விலை ஏறியதற்கு வேறு காரணம் கிடையாது.

பாப்பம்மாவுக்கு நடந்தது பெரிய கஷ்டம். ஆனால் நான் செத்தால் நீ என்ன ஆவாய் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால், நான் உயிரோடு இருக்கிற வருஷங்கள் யாருக்கு? பூமிக்குக் கீழே ஆயிரத்து இருநூறு அடியில் நின்று மரம் அறுக்கிறேன். மேலே வந்தால் ஒன்பது பேர் ஈரத் துணிக்கு நடுவில் படுக்கிறேன். ஃப்ளோராவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.

விற்க மனமில்லை என்றால் அதை நேராக எழுதிவிடு.

ஏனோக்

*

குடியாத்தம்
1899, ஏப்ரல் 30

ஃப்ளோராவின் நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. கடைசியில் எழுதியிருந்தீர்களே, ஃப்ளோராவின் குரல் பற்றி, அதற்கப்புறம் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பேத்தமங்களாவிலிருந்து புளி வாங்கி வருகிற வியாபாரி ஒருவரை மிஷன் பள்ளிக்கூடத்து அம்மா அழைத்து வந்தார். அங்கிருந்து உங்கள் சுரங்கம் ஆறு மைல்தானாம். பெரிய ஏரி, நஞ்சை, கிணறெல்லாம் உண்டாம். மண் சுவர் வீடு அறுபதிலிருந்து தொண்ணூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பட்டாவோடு. அந்த ஏரியைத் தாண்டி வருகிற பாலாறுதான் நம் பக்கமும் ஓடுகிறது என்றார். ஓடினால்.

ஆறு மைல் நடப்பது பெரிய கஷ்டம், தெரிகிறது. நான் இரண்டு மணிக்கு எழுந்து சோறு கட்டித் தருகிறேன். வாரத்தில் நாலு நாள் அங்கேயே தங்கிவிட்டு மூன்று நாள் வந்தாலும் போதும். வருஷத்துக்கு ஆறு நாளை விட அது எவ்வளவோ மேல் இல்லையா? நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனாலும் பிள்ளைகளை யாரும் தெருவுக்குப் போ என்று சொல்ல முடியாது. பட்டா உள்ள வீடு என்று நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன்.

பாக்கியவதி

*

மாரிக்குப்பம்
1899, ஜூன் 4

அன்புள்ள பாக்கியவதிக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேத்தமங்களாவுக்கு நடந்து போனேன். எங்கள் கும்பலில் சுந்தரராஜ் என்று ஒருவன், பெண்சாதியை இழந்தவன், அதிகம் பேசமாட்டான். துணைக்கு அவனும் வந்தான்.

நீ கேள்விப்பட்டது சரிதான். ஏரிக்கரைக்குக் கீழே தோப்பு. ஊர்க்கோடியில் ஒரு வீடு பார்த்தேன். மண் சுவர், நாட்டு ஓடு, முன்னால் புளியமரம். உள்ளே ஒரு கூடமும் ஒரு அறையும் இருக்கும். கிணறு இல்லை, ஏரி பக்கம்தான். எண்பத்தைந்து ரூபாய். பட்டா உண்டு.

நீ கையெழுத்துப் போடலாம். பணத்தை மணியார்டரில் அனுப்பிவிடு. நான் இங்கே முடித்துவிடுகிறேன்.

ஏனோக்

*

குடியாத்தம்
1899, ஜூலை 11

ஃப்ளோராவின் நைனாவுக்கு ஸ்தோத்திரம்.

வீடு கொடுத்தாயிற்று. எட்மண்ட் அண்ணனை மூன்று ரூபாய் ஏற்றி நூற்றுப் பதினெட்டில் நிறுத்தினேன். ரிஜிஸ்டர் ஆபீசில் எல்லாப் பெண்களையும் ரேகை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினேன். குமாஸ்தா என் எழுத்தைப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்த பிறகு அப்பா நினைவு வந்துவிட்டது.

நூறு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். மீதி ரயிலுக்கும் மளிகைப் பாக்கிக்கும் சரியாகப் போய்விடும். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி புறப்படுகிறோம். பௌரிங்பேட்டையில் இறங்கி உங்கள் ரயிலுக்கு மாறி, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து பேத்தமங்களாவுக்கு மாட்டு வண்டி பேசி வையுங்கள். அம்மிக்கல்லும் கொண்டுவருகிறேன், நடந்து போக முடியாது.

டேவிட் தெருவில் எல்லோரிடமும், "எங்க நைனா ஏரிகிட்ட வூடு வாங்கிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பாக்கியவதி

*

குடியாத்தம், அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகை
1902, அக்டோபர் 19

அன்புள்ள பாக்கியவதிக்கு,

சேர்ந்து இருந்த மூன்று வருஷத்தில் உனக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டியிருக்கவில்லை. இப்போது மறுபடி எழுதுகிறேன், ஊர்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன.

வந்து சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது. சுரங்கத்து டாக்டர் கொடுத்த மருந்து தீர்ந்துவிட்டது. தூசி இல்லாத காற்றில் மூன்று மாதம் இருந்தால் மார்பு சரியாகும் என்றாரே, இங்கே காற்று நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் மட்டும் ரத்தம் வருகிறது. அண்ணி எனக்கென்று ஒரு தட்டும் குவளையும் தனியாக வைத்துவிட்டார். அண்ணனுக்குப் பிள்ளைகள் ஐந்து, அதனால் தப்பென்று சொல்லமாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல மூன்று வருஷம் கிடைத்தும் சொல்லவில்லை.

அன்றைக்கு சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நீ இறங்கி, "வண்டி எங்க?" என்று கேட்டாய். நான் அம்மிக்கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லைன் பக்கம் நடந்தேன். நீ பின்னாலேயே வந்தாய். தட்டி வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் உன்மேல் பழி போட்டிருக்கிறேன்.

பேத்தமங்களாவுக்கு நான் போனது நிஜம். அந்த வீடும் நிஜம். எண்பத்தைந்து என்று வீட்டுக்காரர் சுந்தரராஜிடம் சொன்னதும் நிஜம். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். குடியாத்தம் என்றோம். குடியாத்தத்தில் எந்தத் தெரு என்றார். மிஷன் தெரு என்றேன். அதற்கு முன்னால் உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை, பாக்கியம். "வூடு விக்கிற எண்ணமே எனக்கு இல்லப்பா, தப்பா சொல்லிட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஊரில் இன்னும் மூன்று வீடு கேட்டோம். மூன்றும் அன்றைக்கே விற்பனைக்கு இல்லாமல் போய்விட்டன. நான் உள்ளே கூடமும் அறையும் இருக்கும் என்று எழுதியது வெளியிலிருந்து பார்த்ததை வைத்துத்தான்.

உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தட்டி வீட்டுக்கு நாற்பது ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். அது போய்விடும் என்ற பயமும் இருந்தது. உண்மையை எழுதினால் நீ வரமாட்டாய் என்ற பயம் அதைவிடப் பெரிது. அதனால் பட்டா உண்டு என்று எழுதினேன்.

ஏனோக்

*

மாரிக்குப்பம்
1902, நவம்பர் 16

ஃப்ளோராவின் நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று தையல் மெஷினில் உட்காரவில்லை. எனக்குத் தையல் வேலை கொடுக்கிற துரைசாணி அம்மா ஆள் அனுப்பிக் கேட்டார், காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

நான் ஏன் கேட்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? ஸ்டேஷனில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கேட்டால் நீங்கள் ஏதோ ஒன்று சொல்வீர்கள், அதை நான் நம்ப வேண்டியிருக்கும். அதற்குக் கேட்காமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டேன். மூன்று வருஷம் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே உள்ளுக்குள் பேசாமல் இருந்திருக்கிறேன். நாலு வீட்டுக் கதவு உங்களுக்காகச் சாத்தப்பட்டதை நீங்கள் தனியாக வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்திருந்தால் அப்படி இருந்திருக்கமாட்டேன்.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆபீஸ் கிளார்க் வந்தார். உங்கள் மூன்று மாத லீவு டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. ஜனவரி முதல் தேதி நீங்கள் ஷிப்டுக்கு நிற்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பதினைந்து நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். விற்றுவிட்டுப் போகிறேன் என்றேன். போன வருஷம் கொள்ளை நோய் வந்த பிறகு தட்டி வீடுகளை விற்கக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது, உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தின மாதம் பக்கத்து லைனில் இதே மாதிரி வீடு நூற்று அறுபதுக்குப் போயிற்று. இப்போது நமக்கு ஒரு காசு கிடையாது.

புதிதாகப் போட்டிருக்கிற பேட்டையில் போய் விசாரித்தேன். ஒரு அறை, நாலு குடிக்கு ஒரு அடுப்படி, மாத வாடகை மூன்றரை ரூபாய். எனக்குத் தையலில் வருவது நாலு ரூபாய்.

மேஸ்திரி ராஜப்பா ஒரு வழி சொன்னார். வீட்டை உறவுக்காரன் நம்பருக்கு மாற்றித் தருவார்களாம். நமக்குச் சுரங்கத்தில் உறவு யாரும் இல்லை. உங்களோடு பேத்தமங்களாவுக்கு வந்த அந்த சுந்தரராஜ் ஃப்ளோராவைக் கேட்கிறார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்குப் பதினாறு நடக்கிறது. நீங்கள் சுரங்கத்துக்குள் மயங்கி விழுந்தபோது, மேலே ஏற்றுகிற கேஜ் வரைக்கும் முதுகில் தூக்கி வந்தவர் அவர். சம்பள நாளில் மட்டும் குடிப்பார் என்கிறார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் குடியாத்தத்தில் வீடு விசாரியுங்கள். விலைக்கு வேண்டாம், அதற்கு வழியில்லை. வாடகைக்கு ஒரு மூலை, பிள்ளைகளோடு நான் வந்து தையல் பார்க்கிற மாதிரி. என்ன கேட்கிறார்கள் என்று உடனே எழுதுங்கள். நாள் அதிகம் இல்லை.

பாக்கியவதி

*

குடியாத்தம்
1902, டிசம்பர் 14

அன்புள்ள பாக்கியவதிக்கு,

மூன்று வாரமாகத் தெருத் தெருவாகப் போனேன். வேகமாக நடக்க முடியவில்லை, அதனால்தான் தாமதம்.

நம் வீட்டுக்கே முதலில் போனேன். எட்மண்ட் அதை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து இரண்டு குடும்பத்துக்கு விட்டிருக்கிறார். ஒரு பாதிக்கு மாதம் இரண்டரை ரூபாய். விலைக்கென்றால் இருநூற்று நாற்பது. முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. "நான் இன்னா பண்றது ஏனோக்கு? தங்கவயல்ல சம்பாரிச்சிகினு வரவங்க கேட்ட வெலையக் குடுக்கறாங்க. அவங்களாலதான் ஊர்ல வெல ஏறிப்போச்சி" என்றார். மழையும் இரண்டு வருஷமாகப் பெய்கிறது. நாம் விற்றது வறண்ட வருஷத்தில்.

மற்ற தெருக்களில் கிணறு இல்லாத அறை ஒன்றே முக்கால், இரண்டு. மூன்று மாத வாடகை முன்பணம். என்னைப் பார்த்ததும், இருமுகிற ஆளும் கூட இருப்பாரா என்று கேட்கிறார்கள். இருக்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் இருமலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆற்றோரம் கூலிக்காரக் குடிசை ஒன்று எட்டணாவுக்கு இருக்கிறது. கதவு கிடையாது. வயதுப் பெண்ணை அங்கே வைக்க முடியாது.

அண்ணனைக் கேட்டேன். அவர் வாயைத் திறக்குமுன் அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார்.

இருந்தும் சொல்கிறேன். ஃப்ளோராவைக் கொடுக்காதே. சுந்தரராஜ் கெட்டவன் இல்லை. அவன் அவளைக் கேட்ட காரணமும் எனக்குத் தெரியும், பத்து வருஷமாக அவனும் ஒன்பது பேர் நடுவில்தான் படுக்கிறான். ஆனால் அவன் மார்பிலும் என் மார்பில் இருக்கிற தூசிதான் இருக்கிறது. ஐந்து வருஷமோ ஆறு வருஷமோ கழித்து அதே கிளார்க் அவள் வாசலில் வந்து நிற்பான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா. எங்கே வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. கோயில் வராந்தாவில் படுக்கலாம். என் சம்மதம் இல்லை, இதை ஃப்ளோராவுக்கும் படித்துக் காட்டு.

ஏனோக்

*

மாரிக்குப்பம்
1903, ஜனவரி 18

ஃப்ளோராவின் நைனாவுக்கு,

ஃப்ளோராவுக்குப் போன திங்கட்கிழமை, பன்னிரண்டாம் தேதி, கல்யாணம் ஆயிற்று. பாதிரியார் ஐயா காலை ஆராதனையிலேயே முடித்துக் கொடுத்தார். மறுநாள் வீட்டை சுந்தரராஜ் நம்பருக்கு மாற்றி எழுதினார்கள்.

உங்கள் கடிதம் டிசம்பர் பதினெட்டில் வந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் புறப்பட்டுவிடுவது என்று பாத்திரங்களைக் கூடக் கட்டினேன். டேவிடுக்கு அன்று சாயந்திரம் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை, சாதாரணம்தான், இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோயில் வராந்தாவில் இவனை எங்கே கிடத்துவேன் என்று நினைத்தேன். அதோடு கட்டிய பாத்திரத்தைப் பிரித்துவிட்டேன்.

ஃப்ளோரா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நைனா இன்னா எழுதிக்கிறாரு?" என்றாள். நான், "சம்மதம்னு எழுதிக்கிறாரு" என்றேன். "அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு போனவள் வர வெகுநேரம் ஆயிற்று.

நீங்கள் வேண்டாம் என்றதைக் கேட்டிருந்தால் அவள் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். நாலு வீட்டில் கதவைச் சாத்தியதை நீங்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது.

அவர் அவளை மரியாதையாகத்தான் நடத்துகிறார். என்னை அத்தை என்று கூப்பிடுகிறார், எனக்கும் அவருக்கும் வயது ஒன்று. நானும் டேவிடும் பின் சாய்ப்பில் படுத்துக்கொள்கிறோம். நேற்று ஃப்ளோரா, நைனா எழுதிய கடிதத்தைக் கொடு, நானும் படிக்கிறேன் என்றாள். எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றேன். இன்று காலையிலும் கேட்டாள். என் பெட்டியை அவள் திறந்து பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, துணிகள் வேறு மாதிரி மடித்திருந்தன. எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பாக்கியவதி

*

குடியாத்தம்
1903, பிப்ரவரி 1

அன்புள்ள பாக்கியவதிக்கு,

திட்ட வரவில்லை. மூன்று நாள் முயற்சி செய்து பார்த்தேன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் நீ செய்ததைத்தான் செய்திருப்பேன்.

அண்ணன் வீட்டை விட்டு வந்துவிட்டேன். அவர் போகச் சொல்லவில்லை. கடைசிப் பிள்ளைக்கு இருமல் கண்டதும் நானே புறப்பட்டேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விறகு அடுக்குகிற கூரையின் கீழ் ஒரு பக்கம் இடம் கொடுத்திருக்கிறார்கள். கஞ்சி வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

என் டிசம்பர் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. இன்றைக்கே போடு. இதையும் படித்த பிறகு போட்டுவிடு. இதற்குள் வேறொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதே தேதி போட்டு, அதே தாளில், அதே மையில் எழுதினேன். எழுத்து ஒத்துப்போக இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. தேடிக் கிடைத்தது என்று ஃப்ளோராவிடம் கொடு. மடிப்புப் புதிதாகத் தெரிந்தால் ஒரு நாள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கொடு.

ஏனோக்

*

குடியாத்தம்
1902, டிசம்பர் 14

அன்புள்ள பாக்கியவதிக்கும் என் மகள் ஃப்ளோராவுக்கும்,

சுந்தரராஜ் நம் ஃப்ளோராவைக் கேட்டதாக எழுதியிருந்தாய். எனக்குப் பூரண சம்மதம். அவனை எட்டு வருஷமாகத் தெரியும். கீழே பாறை முனகினால் தன் உயிரைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கிறவனை முதலில் இழுக்கிற ஆள். நானே தேடியிருந்தாலும் இதற்கு மேல் ஒருவனைக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

ஃப்ளோரா, கல்யாணத்துக்கு நைனா வரவில்லை என்று வருத்தப்படாதே. குளிரில் ரயில் ஏற வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். தம்பியைப் படிக்க வை. அம்மாவோடு சண்டை போடாதே. நீ சந்தோஷமாக இருப்பாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

என் இருமல் குறைந்துவிட்டது. நம் தெருவிலேயே எனக்கு ஒரு வீடு பார்த்தாயிற்று. ஓட்டு வீடு, இரண்டு அறை, கொல்லையில் கிணறு. வாடகை மலிவுதான். அடுத்த வருஷம் நீங்கள் எல்லோரும் வந்து தங்குவதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

உன் நைனா,
ஏனோக்